மேல்முறையீடும் மாயூரம் முன்சீப்பும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் எம் தமிழ்த்துறைக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் கையில் ஒரு தீர்ப்பின் நகல் இருந்தது. வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் இடையே கிடந்த ஒரு முடுக்கு யாருக்கு உரியது என்பது வழக்கு. பல ஆண்டுகள் நடந்த அவ்வழக்கில் அவர் தோற்றுவிட்டார். தீர்ப்போ ஆங்கிலத்தில் இருந்தது. மேல்முறையீடு செய்வதற்குரிய நாட்கள் இன்னும் சில எஞ்சியிருந்தன. மேல்நீதிமன்றம் சென்றால் வெல்வோமா என்று அவர் எம்மிடம் கேட்கவில்லை. அதற்கு விடை சொல்லும் தகுதியும் எமக்கு இல்லை. தாம் ஏன் தோற்றோம் என்பதைத் தமிழில் படித்துச் சொல்லுமாறு மட்டுமே வேண்டினார்.

அன்று அந்நகலைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது எம் நினைவுக்கு வந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாசிரியர் என்று அவரை மாணவர் அனைவரும் அறிவர். தேர்வுக்கு அந்த ஒரு செய்தி போதும் என்று விட்டுவிடுவாரும் உளர். ஆயினும் நாவல் வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்த மற்றொரு பணி உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழர் தமிழில் படிக்கச் செய்த பணி அது. அப்பணியின் வழியாக அவர் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பம். இளமையில் தந்தையாரிடமும் திண்ணைப் பள்ளியிலும் தொடக்கக் கல்வி பெற்றார்.

அவருக்கு ஆங்கிலமும் தமிழும் பயிற்றியவர் தியாகப் பிள்ளை என்பார். அவர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். இச்செய்தி சிறிதே எனினும் நாம் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தோடு நில்லாமல், வழக்கு மன்றத்து ஆங்கிலத்தையும் வழக்கு மன்றத்துத் தமிழையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அம்மாணவருக்கு இளமையிலேயே அமைந்தது. ஒரு மொழியில் சொன்ன சொல் மற்றொரு மொழியில் எப்படி ஏறுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை அன்றாடம் கண்ட ஆசிரியரிடம் அவர் பாடம் கேட்டார்.

மேல்முறையீட்டுப் படிகள்

அக்காலத்து உரிமையியல் நீதிமன்றங்களின் அமைப்பை அறிந்தாலன்றி வேதநாயகரின் பணி விளங்காது. ஆகவே அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1802 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் புதிய நீதிமுறையை நிறுவினர். ஜில்லாதோறும் ஒரு நீதிமன்றம். அதன் தீர்ப்பின்மேல் முறையிட நான்கு மாகாணப் பிரிவு நீதிமன்றங்கள். அவற்றுக்கும் மேலாகச் சென்னையில் சதர் அதாலத்து என்னும் தலைமை நீதிமன்றம். தென்பகுதிக்குரிய மேல்முறையீட்டு மன்றம் திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. 1816 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட முன்சீப்புகள் அமர்த்தப்பட்டனர். சிறு தொகைக்குரிய வழக்குகளைக் கேட்டு முடிவு செய்வது அவர்தம் வேலை. பெரும்பாலும் இந்நாட்டினரே முன்சீப்புகளாக இருந்தனர். அவர்களுக்கு மேலே அமர்ந்தவரோ பெரும்பாலும் ஆங்கிலேயர். 1843 இல் மாகாணப் பிரிவு நீதிமன்றங்கள் நீக்கப்பட்டன. 1862 ஆகஸ்டு 15 இல் சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கியபோது சதர் அதாலத்து அதனுள் அடங்கிற்று.

முன்சீப்பின் தீர்ப்பால் மனம் நிறைவுறாதவர் ஜில்லா நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அங்கே சாட்சியமும் சட்டமும் ஆகிய இரண்டும் மறுபடியும் ஆராயப்படும். அதற்கும் மேலே சதர் நீதிமன்றத்துக்குச் செல்வதானால், நிகழ்ந்தது என்ன என்னும் வினாவை மறுபடி எழுப்ப இயலாது. சட்டத்திலோ நடைமுறையிலோ பிழை உண்டு என்று காட்டினால்தான் கதவு திறக்கும். 1859 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்தது. முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் இடையே இன்றுள்ள வேறுபாடும் இதுவே. 1908 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வேறுபாடு தொடர்ந்தது; 1976 ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டம் பற்றிய முக்கியமான வினா ஒன்று இருந்தாக வேண்டும் என இதனை மேலும் இறுக்கிற்று.

சென்னையோடு வழி முடிவதில்லை. கடல் கடந்து இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்குகள் சென்றன. 1838 ஆம் ஆண்டு ஆணையின்படி 10,000 ரூபாய்க்குக் குறையாத மதிப்புடைய வழக்குகளே அங்குச் செல்லத்தக்கன. சிவகங்கை ஜமீன் வழக்கை நம்மில் பலர் கேள்வியுற்றிருப்பர். 1829 இல் ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் மறைந்தபின் எழுந்த வாரிசுப் போராட்டம் பல நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. 1863 இல்தான் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகப் பிரிவி கவுன்சில் முடிவு கூறிற்று. இடையே கழிந்தவை முப்பத்து நான்கு ஆண்டுகள். இராமநாதபுரம் ஜமீனில் கைம்பெண் ஒருவர் செய்துகொண்ட தத்து செல்லுமா என்ற வழக்கும் 1868 இல் இலண்டனில்தான் முடிவுற்றது. இவ்விரு தீர்ப்புகளும் இந்து வாரிசுச் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவன.

ஜமீன்தார்க்கு இலண்டன் வரை செல்லப் பொருள் இருந்தது. ஆங்கிலம் அறிந்த வக்கீலும் இருந்தார். அரைக்காணி நிலத்துக்கும் அடகு வைத்த நகைக்கும் வழக்காடிய குடியானவனுக்கும் சிறு வணிகனுக்கும் முன்சீப்பு மன்றமே நீதியின் வாசல். அங்கே கிடைத்த தீர்ப்பு சரியா, அதன்மேல் முறையிடலாமா, மேல்மன்றம் இத்தகைய வழக்கில் முன்பு என்ன சொல்லியிருக்கிறது என்பதை அவர்கள் அறிய வழியில்லை. ஏனெனில் மேல்மன்றத்தின் முடிவுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் அச்சாகிக் கிடந்தன.

ஆவண அறையும் மொழிபெயர்ப்பு மேசையும்

வேதநாயகர் 1848 ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கேயே மொழிபெயர்ப்பாளராகவும் ஆனார். அவருடைய ஆசிரியர் வகித்த தொழில் அவருக்கும் வாய்த்தது.

ஆவண அறை என்பது வழக்குகளின் கட்டுகள் துயிலும் இடம். மேல்முறையீடு தொடுக்கப்பட்டால் கீழ்மன்றத்துக் கட்டு மேலே செல்ல வேண்டும். பிராது, எதிர்வாக்குமூலம், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஓலைகள், பத்திரங்கள், தீர்ப்பு ஆகிய அனைத்தும் அதில் இருத்தல் வேண்டும். ஒன்று தவறினாலும் ஒருவர் உரிமை தவறிப்போகும். தமிழில் சாட்சி சொன்னவனை மேல்மன்ற நீதிபதி கண்ணால் காண்பதில்லை. அவன் குரலைக் கேட்பதும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்த ஆங்கிலத்தையே அவர் காண்கிறார். ஒத்தி என்பதை விற்பனை என்று பெயர்த்தால் நிலம் கைமாறிவிடும். பங்காளி என்னும் சொல்லைக் கூட்டாளி என்று கொண்டால் குடும்பச் சொத்து வணிகச் சொத்தாகிவிடும். மேல்முறையீட்டின் முடிவு எத்துணையோ வேளைகளில் நீதிபதியின் மேசைக்கு வருமுன்னரே மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

இத்தகைய பொறுப்பான இடத்தில் இளம்பருவத்தில் சில ஆண்டுகளைக் கழித்தவர் வேதநாயகர். சொல்லை நிறுத்துப் பயன்படுத்தும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முன்சீப் வேதநாயகர்

1857 ஆம் ஆண்டு அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாகப் பதவியேற்றார். டேனியரிடமிருந்து 1845 இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கடற்கரை நகரம் அது. அந்நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய தி. முத்துசாமி ஐயரும் அதே தரங்கம்பாடியில்தான் முன்சீப்பாகத் தம் நீதிப்பணியைத் தொடங்கினார். ஒருவர் மேல்மன்றத்தில் ஏறி அமர்ந்து புகழ் பெற்றார். மற்றவர் மேல்மன்றத்தின் முடிவுகளைக் கீழே கொணர்ந்து மக்களுக்குத் தந்து புகழ் பெற்றார். ஒரே ஊரில் இருவரும் அடுத்தடுத்து அமர்ந்தது எண்ணி மகிழத்தக்கது.

தரங்கம்பாடிக்குப் பின் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் வேதநாயகர் முன்சீப்பாக இருந்தார். இன்றைய மயிலாடுதுறையே அன்றைய மாயூரம். அங்கு 13 ஆண்டுகள் பணியாற்றினார். குளத்தூரில் பிறந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆனது இதனால்தான்.

காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி அது. நீர் பங்கீடு, வரப்புத் தகராறு, குத்தகை, ஒத்தி, கோயில் நிலம், கைம்பெண்ணின் சீவனாம்சம், கடன் பத்திரம் முதலிய வழக்குகள் எழுவதற்கு அங்குக் குறைவில்லை. 1859 ஆம் ஆண்டுச் சட்டம், தீர்ப்பு எழுதுபவர் எவ்வெவ்வினாக்களுக்கு முடிவு காண வேண்டியிருந்தது, என்ன முடிவு கண்டார், அம்முடிவுக்குக் காரணம் யாது என்பவற்றைத் தீர்ப்பில் குறிக்க வேண்டும் என்று விதித்தது. காரணம் எழுதாத தீர்ப்பின்மேல் முறையிடுவது இருட்டில் அம்பு எய்வது போன்றது. காரணம் எழுதிய தீர்ப்பையே மேல்மன்றம் சீர்தூக்க இயலும். தோற்றவனும் தன் தோல்வியை ஏற்கவோ எதிர்க்கவோ இயலும்.

கையூட்டைக் கடுமையாக வெறுத்தவர் வேதநாயகர். முன்சீப்பாக அமர்ந்த இரண்டாண்டுகளுக்குள்ளாகவே, 1859 இல், 'நீதிநூல்' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளையும் பொய்ச்சாட்சி கூறுவோரையும் அந்நூலில் அவர் இடித்துரைக்கிறார். அறம் பாடுவோர் பலர். அறம் பாடிய மறுநாள் காலையில் நீதி இருக்கையில் அமர்ந்து அதனைக் கடைப்பிடிக்க வேண்டிய நிலையில் இருந்தோர் சிலரே. ஊரார் அவர் நூலையும் படித்தனர். அவர் தீர்ப்பையும் கேட்டனர். இரண்டும் முரண்பட்டிருந்தால் நூல் நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

சித்தாந்த சங்கிரகம்

வேதநாயகரின் வாழ்வில் நாம் தலையாயதாகக் கருதும் பணியை இனிக் காண்போம். 1805 ஆம் ஆண்டு முதல் 1861 ஆம் ஆண்டு வரை சதர் நீதிமன்றம் வழங்கிய முடிவுகளைத் திரட்டி, சுருக்கித் தமிழில் பெயர்த்து, 1862 இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் வெளியிட்டார். ஐம்பத்தேழு ஆண்டுகளின் தீர்ப்புகள் அவை. ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் முதன்முதலாக நூலாக்கியவர் இவரே என்பர்.

நூலின் பெயரே ஒரு செய்தியைச் சொல்கிறது. சித்தாந்தம் என்பது முடிந்த முடிபு. சங்கிரகம் என்பது சுருக்கத் தொகுப்பு. சமய நூல்களுக்கு வழங்கும் சொற்களை எடுத்துச் சட்ட நூலுக்குச் சூட்டியிருக்கிறார். மேல்மன்றம் ஆய்ந்து நிலைநாட்டிய முடிபுகளின் தொகுப்பு என்பது பொருள்.

இதன் பயன் யாருக்கு என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். முதலாவதாக, முன்சீப்புகளுக்கு. சதர் மன்றம் ஒரு வினாவுக்கு முன்பே விடை கூறியிருக்க, அதனை அறியாத முன்சீப் மாறாகத் தீர்ப்பளித்தால் அத்தீர்ப்பு மேலே சென்று கவிழும். கவிழ்வதால் முன்சீப்புக்கு இழுக்கு. வழக்காளிக்கோ ஆண்டுகளும் பொருளும் இழப்பு. இரண்டாவதாக, ஆங்கிலம் அறியாத வக்கீல்களுக்கு. அக்காலத்தில் கீழ்மன்றங்களில் வாதாடியவர் பலர் தமிழ் மட்டுமே அறிந்தவர். மேல்மன்ற முடிவை எடுத்துக்காட்டி வாதாட அவர்களுக்கு இந்நூல் கைகொடுத்தது. மூன்றாவதாக, வழக்காளிகளுக்கு. வெற்றிக்கு வழியில்லாத மேல்முறையீட்டில் வீட்டை விற்றுப் பணம் செலவிடுவதை இது தடுத்தது. நியாயம் தன்பால் இருந்தும் முறையிட அஞ்சி அடங்கியவனுக்கு இது துணிவு தந்தது.

தீர்ப்புகளைத் தமிழில் ஆக்குதல் எளிய வேலையன்று. ஆங்கிலச் சட்டச் சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்கள் அன்று வகுக்கப்படவில்லை. கலைச்சொல் அகராதி இல்லை. துணைக்கு வல்லுநர் குழுவும் இல்லை. பகலெல்லாம் வழக்குக் கேட்ட ஒருவர், தம் சொந்த முயற்சியால் ஐம்பத்தேழு ஆண்டுகளின் தீர்ப்புகளைப் படித்துச் சாரம் பிழிந்திருக்கிறார். அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட நீதிமன்ற அறிவு அந்நூலால் தமிழ் வாசகரின் கைக்கு எட்டிற்று. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் 1879 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் 1862 ஆம் ஆண்டிலிருந்து வேதநாயகரின் உரைநடையைத் தொடங்குவது பொருத்தமாகும் என்பது எம் கருத்து. நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லுதல், இரு தரப்பாரின் நிலையையும் நடுநின்று கூறுதல், காரணம் காட்டி முடிவுக்கு வருதல் ஆகியன தீர்ப்பு எழுதுவார்க்கு வேண்டிய திறன்கள். நாவலாசிரியர்க்கும் இவையே வேண்டுவன.

வழக்குமன்றத் தமிழ்

இவ்விடத்தில் நம் மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். வேதநாயகர் கையாண்ட வழக்குமன்றத் தமிழில் அரபுச் சொற்களும் பாரசீகச் சொற்களும் இயல்பாகக் கலந்திருந்தன. முன்சீப் என்பதே அரபுச் சொல். நீதி செய்பவர் என்பது அதன் பொருள். அதாலத்து என்பதும் நீதியைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்ததே. வக்கீல், தாவா, நகல், வாரிசு, ஜில்லா, அமீனா, ஜப்தி என நம் தாத்தாக்கள் நாள்தோறும் வழங்கிய சொற்கள் அனைத்தும் அவ்வழி வந்தவை. முகலாய ஆட்சியிலும் நவாபுகளின் ஆட்சியிலும் வேரூன்றிய நீதிமுறையின் பெயர்களைக் கும்பினியார் அப்படியே எடுத்துக்கொண்டதால் அவை நிலைத்தன. அன்றைய நீதிமன்றங்களில் இசுலாமியச் சட்டத்தை எடுத்துரைக்க முஸ்லிம் சட்ட அறிஞரும், இந்துச் சட்டத்தை எடுத்துரைக்கப் பண்டிதரும் அலுவலராக இருந்தனர். 1864 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பதவிகள் நீங்கின.

மேல்முறையீடு என்பதோ தூய தமிழ்ச் சொல். முறை என்பது பழந்தமிழில் நீதியைக் குறித்தது. முறை செய்தல் மன்னன் கடமை. முறையிடுதல் குடிமக்கள் உரிமை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி முறையிடுகிறாள். ஆராயாது ஆணையிட்ட மன்னனிடமே அவள் மறுபடியும் செல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு மேல் ஒரு மன்றம் இல்லை. உயிர் போனபின் வந்த நீதி அது. தவறக்கூடியவர் மனிதர் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு, தவறைத் திருத்த ஒரு படியை மேலே கட்டி வைப்பதே மேல்முறையீட்டின் உட்பொருள். அரபு வேரில் தோன்றிய முன்சீப்பின் தீர்ப்பிலிருந்து தமிழ் வேரில் தோன்றிய மேல்முறையீட்டுக்குச் சென்ற நம் முன்னோர்க்கு அவ்விரு சொற்களும் தம்மவையாகவே இருந்தன.

நாவலில் நீதிமன்றம்

1879 இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவு இல்லாத குறையைப் போக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதை முன்னுரையிலேயே ஆசிரியர் கூறிவிடுகிறார். கதைத் தலைவி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நாட்டைச் சீர்திருத்தும் பகுதி அந்நூலில் மிகவும் போற்றப்படுவது.

அந்நூலில் வேதநாயகர் நீதிமன்ற மொழி பற்றியும் பேசுகிறார். வழக்காளி தமிழன், எதிரியும் தமிழன், வக்கீலும் தமிழர், தீர்ப்பளிப்பவரும் தமிழர். அவ்வாறிருக்க ஆங்கிலத்தில் வாதாடுவது எதற்கு என்பது அவர் எழுப்பும் வினா. தம் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்பதை அறியாமல் கட்சிக்காரர் விழித்துக்கொண்டு நிற்கும் நிலையை அவர் எள்ளலோடு காட்டுகிறார். அந்த எள்ளலின் அடியில் வருத்தம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பல்லாண்டு இருந்து கண்ணால் கண்ட ஒருவரின் வருத்தம் அது.

அவர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். ஆங்கிலம் கற்றதால் உயர்ந்தவர். ஆங்கில நூல்களை விரும்பிப் படித்தவர். ஆங்கிலம் கற்கவேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தாய்மொழியை விட்டுவிட்டு அதனைக் கற்பதையே கண்டித்தார். இவ்வேறுபாட்டை நம் மாணவர் உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

சமரச நெஞ்சர்

வேதநாயகர் பெண்கல்வியைப் பெரிதும் வற்புறுத்தினார். 'பெண்மதி மாலை' அதற்குச் சான்று. இரண்டாவது நாவலாகிய 'சுகுண சுந்தரி' 1887 இல் வெளிவந்தது. 1878 இல் வெளியான 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை', எல்லாச் சமயத்தாரும் இறைவனைப் பாடுதற்கு ஏற்ற இசைப்பாடல்களின் தொகுப்பு. தம் சமயத்தில் உறுதியாக நின்றவர், பிற சமயத்தாரோடு ஒன்றாக அமர்ந்து பாடுதற்கும் ஒரு நூல் செய்தார். மேசைக்கு முன் நிற்பவர் எச்சமயத்தார் என்று நோக்காமல் வழக்குக் கேட்டுப் பழகிய உள்ளத்துக்கு இஃது இயல்பாக அமைந்தது போலும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். அச்சைவப் பெரும்புலவர் இக்கிறித்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 'குளத்துக் கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவர் நட்பு வட்டத்தில் இருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் வேதநாயகர் தம் பொருளை எல்லாம் பசித்தோர்க்கு வழங்கினார். அவர் கொடையைக் கண்டு நெகிழ்ந்து பாரதியார் கீர்த்தனை பாடினார். பணி ஓய்வுக்குப் பின்னரும் அவர் மாயூரத்திலேயே வாழ்ந்தார். நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் மறைந்தார்.

அவருக்குப் பின்

வேதநாயகர் எழுப்பிய வினாவுக்கு அவர் காலத்தில் விடை கிடைக்கவில்லை. விடுதலைக்குப்பின் 1956 இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் கீழ்நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006 இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 இல் உச்சநீதிமன்றம் அதற்கு இசையவில்லை. அரசியலமைப்பின் 348 ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ஆயினும் 2019 ஆம் ஆண்டு தொடங்கி உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கணினியின் துணையும் மொழிபெயர்ப்பாளர் குழுவும் கொண்டு நாட்டின் தலைமை நீதிமன்றம் 2019 இல் தொடங்கிய பணியை, மாயூரத்து முன்சீப் 1862 இல் தனியொருவராக முடித்துக்காட்டினார்.

இன்றைய சட்டப்படி கீழ்மன்றத் தீர்ப்பின்மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு முறையிட 30 நாட்களும், உயர்நீதிமன்றத்துக்கு முறையிட 90 நாட்களும் உண்டு. நகலுக்கு மனுச் செய்து அது கிடைக்கும் வரை ஆகும் நாட்கள் கழிக்கப்படும். காலம் கடந்தால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம். ஆனால் தருவது நீதிமன்றத்தின் விருப்பம். எழுதப்படிக்கத் தெரிந்த குடும்பங்களிலும் இந்நாட்கள் வீணே கழிந்துவிடுவதை நாம் காண்கிறோம். தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிவதற்கே அந்நாட்களில் பாதி சென்றுவிடுகிறது.

முடிவுரை

தொடக்கத்தில் குறித்த பெரியவரிடம் மீள்வோம். தீர்ப்பைப் பத்தி பத்தியாக நாம் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தாக்கல் செய்த பத்திரத்திலேயே முடுக்கைப் பொதுவழி என்று அவருடைய பாட்டனார் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தார் என்பது தீர்ப்பின் அடிப்படை. அப்பத்தியை இருமுறை படிக்கச் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. பாட்டனார் எழுதியது அதுவானால் தாம் வழக்குப் போட்டதே பிழை என்றும், இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் இதனைத் தமக்குச் சொல்லவில்லை என்றும் கூறி எழுந்தார். அவர் மேல்முறையீடு செய்யவில்லை. அண்டை வீட்டாரோடு பேசத் தொடங்கினார் என்று பின்னர் அறிந்தோம்.

அதே தீர்ப்பில் பிழை இருந்திருப்பின், அதே வாசிப்பு அவரை மேல்மன்றத்துக்கு அனுப்பியிருக்கும். முறையிடுவதோ அமைதி கொள்வதோ, எதுவாயினும் காரணம் அறிந்து செய்தல் மனிதனுக்குப் பெருமை. அந்தப் பெருமையை எளியோர்க்கும் வழங்க விரும்பியே வேதநாயகர் சித்தாந்த சங்கிரகத்தை எழுதினார் என நாம் உணர்கிறோம்.

தமிழ் படித்தால் என்ன பயன் என்று கேட்போர் பெருகிவரும் காலம் இது. நம் துறையில் பயிலும் மாணவர் இருமொழியும் செம்மையாகக் கற்று, தம் தெருவில் உள்ள ஒருவருக்கேனும் ஒரு தீர்ப்பையோ ஒரு பத்திரத்தையோ பிழையின்றிப் படித்துச் சொல்வாராயின், அதுவே மாயூரத்து முன்சீப்புக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.